விழும் நீரை அடக்கியவர் – சர் ஆர்தர் காட்டன்

2003-லும் 2015-லும் கோதாவரி புஷ்கரத்திற்கு ராஜமுந்திரி சென்று வந்த அங்கத்தினர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். ஸ்நானம், தர்ப்பணம் எல்லாம் முடித்துவிட்டு, ரயிலுக்கு நேரம் இருந்ததால் சிலர் தெற்கே சில கிலோமீட்டரில் உள்ள தவளேஸ்வரம் வரை போய்ப் பார்த்தும் இருப்பீர்கள். அகண்ட கோதாவரியின் குறுக்கே நீண்டு கிடக்கும் அணையும், அதன் அருகே ஓர் ஆங்கிலேயரின் பெயரில் அருங்காட்சியகமும் அங்கே உண்டு. அந்தப் பக்கத்து வைதீகர்கள் நடுவே, நித்தியம் கோதாவரி ஸ்நான புண்ணியத்தை நமக்கு அளித்த பகீரதன் என்று அந்த வெள்ளைக்காரரைப் போற்றும் ஒரு சம்ஸ்கிருத ஸ்லோகமே வழக்கில் உள்ளது. ஸ்லோகத்தில் இடம்பெறும் அளவுக்கு ஓர் இன்ஜினியர் என்ன செய்துவிட்டார்?

அவர்தான் சர் ஆர்தர் தாமஸ் காட்டன். பஞ்சம் தீர்த்தவர், டெல்டாவை வளப்படுத்தியவர் என்று அவரைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் இங்கே சொல்ல விரும்புவது அதற்கும் அடியில் இருக்கும் ஒரு விஷயம். நதியைத் தடுத்து நிறுத்துவது பாதி வேலைதான். தடுப்பைத் தாண்டிக் குதிக்கும் நீர், தான் விழும் இடத்தைத் தோண்டித் தோண்டிக் கடைசியில் அந்தத் தடுப்பையே சாய்த்துவிடும். அந்த நீரின் வேகத்தை எப்படிக் கரைப்பது என்பதுதான் காட்டனுடைய வாழ்க்கையின் பெரிய கேள்வி. அதற்கான முதல் பாடத்தை அவர் கற்றது இங்கிலாந்தில் அல்ல, நம் காவிரிக் கரையில்.

இளமையும் இந்திய வருகையும்

1803-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் தேதி இங்கிலாந்தில் பிறந்தவர் காட்டன். ஹென்றி கால்வெலி காட்டன் என்பவரின் பத்தாவது மகன். இத்தனை பிள்ளைகள் உள்ள வீட்டில் அவரவர் பிழைப்பை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பதினைந்தாவது வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். 1819-இல் மதராஸ் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவில் நியமனம் பெற்று, 1821-இல் சென்னையில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

முதல் சில வருஷங்களில் பாம்பன் கால்வாய்ப் பகுதியை அளக்கும் பணி, பர்மா யுத்தம் என்று அலைந்தார். 1828 வாக்கில் காவிரிப் பாசனத்தை ஆராயும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அங்கே அவருக்காக ஒரு பெரிய சிக்கல் காத்திருந்தது.

காவிரியைக் குடித்த கொள்ளிடம்

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவிரி, வடக்குக் கிளை கொள்ளிடம். நடுவில் நம் ஸ்ரீரங்கம். இதில் கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, சரிவும் அதிகம். எந்த நீரும் தாழ்வான வழியைத்தானே தேடும்? வருஷத்துக்கு வருஷம் கொள்ளிடம் ஆழமாகிக்கொண்டே போக, காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டது. வெள்ளக் காலத்தில் கொள்ளிடம் வழியாக நீரெல்லாம் கடலுக்கு ஓடியது. நெல் கேட்கும் நாளில் காவிரியில் தண்ணீர் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் தலைப்பில் மணலை வெட்டி எடுத்தும் பலன் நிலைக்கவில்லை. தஞ்சைச் சீமையின் வயல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காய ஆரம்பித்தன.

தீர்வு என்னவோ பார்க்க எளிதாகத்தான் இருந்தது. கொள்ளிடத்தின் வாயில் குறுக்கே ஒரு தாழ்வான சுவர் எழுப்பினால் சாதாரண நீர் காவிரிக்குத் திரும்பும், வெள்ள நீர் சுவரைத் தாண்டிக் கொள்ளிடத்தில் விழும். ஆனால் சுவரை எதன்மேல் கட்டுவது? எவ்வளவு தோண்டினாலும் அங்கே மணல்தான். பாறை என்பதே இல்லை. மணலில் நிற்கும் சுவரைத் தாண்டி ஒரு பெருநதி குதித்தால், ஒரே பருவத்தில் காலடி மணல் பறிக்கப்பட்டுச் சுவர் கவிழ்ந்துவிடும் என்று அந்தக் காலத்து இன்ஜினியர்கள் பயந்தது நியாயமானதே.

கல்லணை என்ற பாடசாலை

அங்கிருந்து சற்றுக் கீழே, ஸ்ரீரங்கம் தீவின் கிழக்கு முனையை அடுத்து, இந்தக் கேள்விக்கு விடை பல நூற்றாண்டுகளாகக் கிடந்தது. கரிகால் சோழன் கட்டியதாக நாம் போற்றும் கல்லணை அதே மணலின்மேல்தான் நிற்கிறது. சுமார் 1,080 அடி நீளம், 40 முதல் 60 அடி அகலம், 15 முதல் 18 அடி உயரம். நேர்கோடாக இல்லாமல் பாம்பு போல வளைந்து செல்லும் அமைப்பு. சுண்ணாம்புக் கட்டுமானமாக இல்லாமல், முரட்டுக் கற்களைக் களிமண்ணோடு சேர்த்துக் குவித்த உடல். வெளியே மட்டும் பூச்சு.

1830 வாக்கில் கல்லணையில் மணல் போக்கும் மதகுகள் அமைக்கப்பட்டன. அதை நெருங்கி ஆராய்ந்த காட்டனுக்கு இரண்டு உண்மைகள் புலப்பட்டன. முதலாவது, மணல் எவ்வளவு ஆழமானாலும் அதன்மேல் பெருங்கற்களை இட்டால் அவை ஓரளவு இறங்கிப் பிறகு நிலைத்துவிடும். பாறை வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டாவது, கல்லணையின் உச்சியிலிருந்து நீர் செங்குத்தாக விழுவதில்லை. முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை மேடும் பள்ளமுமாக, ஒழுங்கில்லாத கற்படிகள் போன்ற ஓர் இறக்கம். தாண்டி வரும் நீர் கல்லில் மோதி, சிதறி, சுழன்று, தளர்ந்துபோய்த்தான் மணலைத் தொடுகிறது.

ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த நாட்டுப் பழைய கைகளிடமிருந்துதான் தாம் கற்றதாகக் காட்டன் பிற்காலத்தில் வெளிப்படையாகவே எழுதினார். ஆளும் இனத்தைச் சேர்ந்த ஓர் அதிகாரி அந்த நாளில் இதை ஒப்புக்கொண்டது சாதாரண விஷயமல்ல. தம் நாட்டவர் இந்தப் பழைய வேலைகளை இழிவாக எண்ணி, பழுதுகூடப் பார்க்காமல் விட்டதையும் அவர் கண்டித்தார்.

விழும் நீருக்குள் என்ன இருக்கிறது?

இங்கே ஒரு சிறு விளக்கம் சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்கிறேன். மொட்டை மாடியிலிருந்து ஒரு குடம் தண்ணீரைக் கீழே மண் தரையில் கவிழ்த்துப் பாருங்கள். மண் தெறித்துப் பள்ளம் விழும். அதே குடத்தை மாடிப்படியின் மேல் படியில் கவிழ்த்தால், ஒவ்வொரு படியாகத் தட்டித் தட்டி இறங்கி, கடைசிப் படியில் தண்ணீர் தவழ்ந்துதான் வரும். உயரம் ஒன்றே, நீரும் ஒன்றே. முதல் வழியில் முழு ஆற்றலும் ஓரிடத்தில் இறங்கியது. இரண்டாவதில் ஒவ்வொரு படியும் தன் பங்கை எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொண்ட ஆற்றல் எங்கே போயிற்று? படியில் மோதிய நீர் சுழல்களாக உடைகிறது. பெரிய சுழல் சிறிய சுழல்களாகி, அவை மேலும் சிறியனவாகி, கடைசியில் நீரின் உள்உராய்வில் வெப்பமாக மாறிவிடுகிறது. அந்த வெப்பம் மிக அற்பம். 12 அடி விழுந்த நீரின் சூடு நூறில் ஒரு பாகம் டிகிரி அளவுகூட ஏறாது. ஆனால் அந்த ஆற்றல் வெப்பமாக மாறாமல் வேகமாகவே மிஞ்சினால் விளைவு பயங்கரம்.

ஒரு கணக்கு. 12 அடி உயரத்திலிருந்து விழும் நீர், கீழே வரும்போது நொடிக்கு சுமார் எட்டரை மீட்டர், அதாவது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் பெறுகிறது. அணையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் நொடிக்கு 2 கன மீட்டர் நீர் அப்படி விழுந்தால், அந்த ஒரு மீட்டரில் மட்டும் ஏறக்குறைய 100 குதிரைசக்தி மண்ணைத் தோண்டத் தயாராக நிற்கிறது என்று பொருள். மூன்றரைக் கிலோமீட்டர் நீள அணைக்கு இதைப் பெருக்கினால் ஒரு நடுத்தர மின் நிலையத்தின் உற்பத்திக்குச் சமம்.

இன்னொரு வினோதமும் உண்டு. பெருவெள்ளம்தான் அணைக்குப் பெரிய ஆபத்து என்று நாம் நினைப்போம். தாழ்வான அணைக்கு அப்படியல்ல. பெருவெள்ளத்தில் அணைக்குக் கீழேயும் நீர்மட்டம் உயர்ந்துவிடுவதால் அணையே மூழ்கி, நதி அதன்மேல் சமமாக வழுக்கிச் செல்லும். கீழே நீர் குறைவாக இருக்க, மேலிருந்து நல்ல அளவில் நீர் வழியத் தொடங்கும் நடுத்தர வெள்ளம்தான் காலடியை அதிகம் தோண்டும். ஆறு ஏறும்போதும் இறங்கும்போதும் இந்தக் கண்டத்தைத் தாண்ட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் தாண்ட வேண்டும்.

மேலணை: வெற்றியும் திருத்தமும்

1836-இல் கொள்ளிடத்தின் தலைப்பில் காட்டனின் மேலணை எழுந்தது. அதே ஆண்டில் கீழே அணைக்கரையில் கீழணையும் கட்டப்பட்டது. கிணறுகளை மணலில் இறக்கி, அவற்றின்மேல் கட்டுமானம் எழுப்புவது நம் நாட்டுக் கொத்தர்களுக்குப் பழக்கமான முறை. அதையே அஸ்திவாரத்துக்கு எடுத்துக்கொண்டார். அணைச் சுவருக்குக் கீழ்ப்புறம் நீர் விழுவதற்கென்று கட்டுமானத் தளம், அதற்கப்பால் முரட்டுக் கற்கள்.

காவிரிக்கு நீர் திரும்பியது. தஞ்சை பிழைத்தது. ஆனால் எல்லாம் முதல் நாளிலேயே சரியாக அமைந்துவிடவில்லை. தளம் முடியும் இடத்தில் நீர் பள்ளம் பறித்தது. கற்கள் புரண்டன. மேலும் மேலும் கல் கொட்ட வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, இப்போது காவிரியின் தலைப்பு தேவைக்கு மேல் ஆழமாக ஆரம்பித்துவிட்டது. அதையும் கட்டுப்படுத்த 1845 வாக்கில் காவிரியின் குறுக்கேயும் ஒரு தாழ்சுவர் போட நேர்ந்தது. ஓரிடத்தில் நதியைத் தொட்டால் அது வேறோர் இடத்தில் பதில் சொல்லும் என்ற பாடமும் அவருக்கு இங்கேதான் கிடைத்தது.

சுவருக்கு ஆகும் கல்லைவிட, சுவருக்குக் கீழே நீர் இளைப்பாறும் இடத்துக்கு ஆகும் கல்தான் முக்கியம் என்ற தெளிவோடு காட்டன் அடுத்த நதிக்குப் போனார்.

கோதாவரி

நடுவில் உடல்நலம் கெட்டு நீண்ட விடுப்பில் டாஸ்மேனியா சென்றார். 1841-இல் எலிசபெத் லியர்மாண்ட் என்ற பெண்மணியை மணந்தார். திரும்பி வந்தபோது வேலை விசாகப்பட்டினம் பக்கம் கிடைத்தது. அப்படித்தான் கோதாவரி டெல்டாவைக் கண்டார்.

அந்த நாளைய கோதாவரி மாவட்டத்தை இன்றைய பசுமையை வைத்துக் கற்பனை செய்யக்கூடாது. 1830-களின் தொடக்கத்தில் புயலும் பஞ்சமும் அடுத்தடுத்து வந்து ஊர்களைக் காலி செய்திருந்தன. ஜனத்தொகையே குறைந்துவிட்டிருந்தது. இந்தியாவின் மிகப்பெரிய நதிகளில் ஒன்று பக்கத்தில் ஓட, அதன் கரையிலேயே மக்கள் பட்டினி கிடந்தார்கள். மாவட்டத்தின் நிலையை ஆராய்ந்த ஹென்றி மான்ட்கோமரி என்ற அதிகாரி 1844-இல் கொடுத்த அறிக்கையில், காட்டனைக் கொண்டு ஆராயச் சொன்னார். காட்டனும் அதே ஆண்டில் தம் யோசனையைத் தந்தார். தவளேஸ்வரத்தில் கோதாவரிக்குக் குறுக்கே அணை. கொள்ளிடத்தைவிடப் பல மடங்கு பெரிய நதி. அடியில் அதே மணல்.

கம்பெனி அரசாங்கத்தை அவர் அணுகியது வரிக் கணக்கோடுதான். இத்தனை செலவழித்தால் இத்தனை வருமானம் கூடும் என்று காட்டினால்தான் அந்த வியாபாரிகள் காது கொடுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அனுமதி கிடைத்து 1847-இல் வேலை ஆரம்பமானது. கேட்ட அளவு இன்ஜினியர்களோ கொத்தர்களோ கிடைக்கவில்லை. கிடைத்த சிலரோடும், பத்தாயிரம் பேர் வரையிலான உள்ளூர் வேலையாட்களோடும் தொடங்கினார். ஆட்களைத் திரட்டி நடத்தியதில் வீணம் வீரண்ணா என்ற தெலுங்கு பிராமணர் அவருக்கு வலது கையாக இருந்தார். ராவ் பகதூர், ராய் பகதூர் பட்டங்களை ஆங்கில அரசு எளிதில் தராத காலத்தில் வீரண்ணாவுக்கு ராய் பகதூர் பட்டம் கிடைத்தது இந்தச் சேவைக்காகத்தான்.

தவளேஸ்வரத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே காட்டனின் அனுபவம் தெரிகிறது. அங்கே நதி தீவுகளால் நான்கு கிளைகளாகப் பிரிகிறது. கரையிலேயே கல் மலை. கோடைக்குக் கோடை ஒவ்வொரு கிளையாகக் கட்டலாம், எவ்வளவு கல் வேண்டுமானாலும் பக்கத்திலேயே வெட்டி எடுக்கலாம். தவளேஸ்வரம், ராலி, மத்தூர், விஜ்ஜேஸ்வரம் என்ற நான்கு பகுதிகளும் சேர்ந்து ஏறத்தாழ 12 ஆயிரம் அடி நீளக் கட்டுமானம். தீவுகளையும் சேர்த்தால் கரைக்குக் கரை நாலு மைல். உயரம் வெறும் 12 அடி.

12 அடி சுவர் ஒரு பெரிய வேலையா என்று தோன்றலாம். மேலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் சுவர் அதில் சிறு பங்குதான். கிணறுகளின்மேல் உடல், அதை ஒட்டி அகலமான தளம், அந்தத் தளத்திலிருந்து மெதுவாகச் சரியும் கற்பரப்பு, அதற்கும் அப்பால் கட்டாமல் தளர்வாகக் குவித்த பெருங்கற்கள். அந்தக் கற்குவியல் ஏன் கட்டப்படவில்லை என்பதில்தான் நுட்பம். நீர் ஒரு கல்லைப் புரட்டினால் அது பள்ளத்திலேயே விழுந்து பள்ளத்தை மூடும். காலடி தானே தன்னைப் பழுது பார்த்துக்கொள்ளும். அடுத்த கோடையில் குறைந்த கல்லைக் கொட்டினால் போதும். ஆண்டுதோறும் கல் கொட்டுவது அந்த அணையைப் பராமரித்தவர்களுக்கு ஒரு நியமம் போலவே ஆகிவிட்டது.

1848-இல் வெயில் தாக்கிக் காட்டன் படுத்துவிட்டார். மறுபடியும் நீண்ட விடுப்பு. அவர் இல்லாத காலத்தில் கேப்டன் ஆர் வேலையைக் கவனித்துக்கொண்டார். 1850-இல் திரும்பிய காட்டன் 1852-இல் அணையை முடித்தார். பிறகு கால்வாய்கள் பிரிந்தன, வயல்கள் விரிந்தன. இதே வழியில் கிருஷ்ணா நதியிலும் விஜயவாடாவில் அணை எழுந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய பெரும் பஞ்சத்தில் லட்சோப லட்சம் பேர் மாண்டபோது, கோதாவரி, கிருஷ்ணா டெல்டாக்கள் தப்பியதோடு மற்ற ஊர்களுக்கும் தானியம் அனுப்பின.

கங்கைக் கால்வாய் விவாதம்

காட்டன் பட்டம் பெற்று சர் ஆனது 1861-இல். அதற்குப் பின் அவர் இறங்கிய ஒரு சண்டை, நம் விஷயத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

வடக்கே ஹரித்வாரிலிருந்து புறப்படும் கங்கைக் கால்வாயை சர் ப்ரோபி காட்லி என்ற மாமேதை கட்டி, 1854-இல் திறந்தார்கள். நில மட்டம் இறங்கும் இடங்களில் கால்வாயையும் இறக்கியாக வேண்டும். அந்த இறக்கங்களைக் காட்லி, மேலே குவிந்து கீழே குழிந்த வழவழப்பான வளைவாக அமைத்தார். நீர் முட்டாமல் மோதாமல் அழகாக வழுக்கி இறங்கும். கண்ணுக்கு லட்சணம். ஆனால் எதிலும் மோதாததால் ஆற்றல் எதுவும் கரையவில்லை. முழு வேகத்தோடு அடியில் வந்து சேர்ந்த நீர், அங்கிருந்த மண் படுகையையும் கரைகளையும் அரித்தது. கால்வாயின் சரிவே அதிகம் என்பதால் தொல்லை இரட்டிப்பானது.

1860-களில் காட்டன் இந்தக் கால்வாயின் குறைகளைக் கடுமையாக எழுத, காட்லி பதிலுக்கு எழுத, இரண்டு பெரியவர்களும் அச்சில் மோதிக்கொண்டார்கள். காட்டன் சொன்னது எல்லாம் சரி என்று சொல்ல முடியாது. கால்வாயின் தலைப்பையே கீழே மாற்ற வேண்டும் என்ற அவர் யோசனை ஏற்கப்படவில்லை. அந்தக் கால்வாய் எத்தனையோ லட்சம் ஏக்கருக்கு உயிர் கொடுத்தது என்பதும் உண்மை. ஆனால் சரிவு அதிகம், படுகை அரிக்கப்படுகிறது என்ற குற்றச்சாட்டு நின்றது. அதைத் திருத்தப் பிறகு வேலைகள் நடந்தன.

அதற்குப் பின் வந்த இந்தியக் கால்வாய்களில் வழவழப்பான வளைவு கைவிடப்பட்டது. பெரிய உருண்டைக் கற்கள் பதித்த நீண்ட சரிவுகள் வந்தன. படிப்படியான இறக்கங்கள் வந்தன. நேராகக் கீழே உள்ள ஒரு நீர்த்தொட்டியில் விழுந்து, நீரே நீருக்கு மெத்தையாகும் அமைப்பும் வந்தது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: ஆற்றலை நாம் குறித்த இடத்தில், கல்லின்மேல் செலவழிக்க வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது தனக்குப் பிடித்த இடத்தில் செலவழித்துக்கொள்ளும். கல்லணையின் கரடுமுரடான முதுகு சொன்னதும் இதைத்தானே!

நம் கிராமத்து ஏரிகளில் கலிங்கல் என்று ஒன்று உண்டே, நினைவிருக்கிறதா? ஏரி நிரம்பினால் வழியும் இடம். பல ஊர்களில் அதன் கீழ்ப்புறம் கருங்கல் படிகளாக இறங்கும். சிறுவயதில் அதில் வழியும் நீரில் உட்கார்ந்து குளித்தவர்கள் நம்மில் உண்டு. அது குளிக்கக் கட்டிய படியல்ல. சென்னை ராஜதானியின் இன்ஜினியர்கள் கலிங்கல்களை வகை பிரித்தபோது, படித்தளம் கொண்டதை ஒரு தனி வகையாகவே வைத்தார்கள்.

தோல்விகளும் கடைசி நாட்களும்

மகான்களுக்கும் சறுக்கல் உண்டு. நீர்ப்பாசனத்தோடு படகுப் போக்குவரத்தும் சேர்ந்தால் இந்தியாவுக்கு ரயிலே அவ்வளவாகத் தேவையில்லை என்று காட்டன் பிடிவாதமாக நம்பினார். நதிகளையெல்லாம் கால்வாய்களால் இணைக்கலாம் என்றார். அவர் ஊக்கத்தில் தொடங்கிய மதராஸ் பாசனக் கம்பெனி, துங்கபத்திரையிலிருந்து கர்னூல்–கடப்பா கால்வாயை வெட்டி, செலவு எகிறி நஷ்டத்தில் முடிந்தது. 1882-இல் அரசாங்கமே அதை வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. டெல்டாவின் தட்டை நிலத்தில் பலித்த கணக்கு மேட்டு நிலத்தில் பலிக்கவில்லை. 1878-இல் பார்லிமெண்ட் குழுவின் முன் அவர் தம் கொள்கைகளுக்காக வாதாட வேண்டியிருந்தது. ரயில்வே ஆதரவாளர்கள் அவரை லேசில் விடவில்லை.

ஆனாலும் மனிதர் ஓயவில்லை. ஓய்வுக்குப் பின் இங்கிலாந்தில் டார்க்கிங் என்ற ஊரில் குடியிருந்து, நிலத்தை ஆழமாக உழுது கோதுமை விளைச்சலைப் பெருக்கும் பரிசோதனைகளைத் தள்ளாத வயதிலும் செய்துகொண்டிருந்தார். 1899 ஜூலை 24-ஆம் தேதி, 96-ஆவது வயதில் காலமானார். அவருடைய மகள் லேடி ஹோப் அடுத்த ஆண்டே தந்தையின் சரித்திரத்தைப் புத்தகமாக வெளியிட்டார்.

இன்று

மலை அணைகளில் உயரம் 12 அடியல்ல, நூற்றுக்கணக்கான அடி. அங்கேயும் இதே படிக்கட்டு வந்துவிட்டது. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துக்கு நீர் தரும் நியூ க்ரோட்டன் அணையில், 1906-இல் முடிந்த கல் கட்டுமானத்தில், வெள்ள நீர் படிகளில் இறங்குவதை இன்றும் காணலாம். நடுவில் சில காலம் வழவழப்பான கான்கிரீட் சரிவும், அடியில் பெரிய தொட்டியும் நாகரிகமாயின. 1980-களில் கான்கிரீட்டை அடுக்கடுக்காகப் பரப்பி ரோலரால் அழுத்திக் கட்டும் முறை பரவியபோது, படி தானாகவே அமைய, பழைய யோசனை திரும்ப வந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து அப்பர் ஸ்டில்வாட்டர் அணை அதற்கு ஒரு நல்ல உதாரணம்.

இந்தப் படிகளில் நீரின் நடத்தை இரண்டு விதம். நீர் குறைவாக இருந்தால் படிக்குப் படி சிறு அருவியாகக் குதிக்கும். நீர் அதிகமானால் படிகளின் நுனிகளை மட்டும் உரசிக்கொண்டு ஒரே ஓட்டமாக வழுக்கும். அப்போது ஒவ்வொரு படியின் மூலையிலும் சிக்கிய நீர் உருளை போலச் சுழன்றுகொண்டே இருந்து, மேலே ஓடும் நீரின் வேகத்தைப் பிடித்து இழுக்கும். கூடவே காற்று உள்ளே கலந்து, நீர் பால் போல வெளுத்துவிடும். அந்தக் காற்றும் நன்மைக்கே. அதிவேக நீரில் குமிழி வெடித்துக் கான்கிரீட்டைப் பொரித்தெடுக்கும் தொல்லையை அது தணிக்கிறது. ஆனால் வெள்ளம் மிக அதிகமானால் படிகளின் பலன் குறையும் என்பதால், அடியில் ஒரு தொட்டி வைப்பதை இன்றும் விடுவதில்லை. வேகமாக வரும் நீர் அங்கே திடீரென்று உயர்ந்து, நுரைத்துக் குதித்து, பிறகு சாதுவாகிவிடும். இதை நீர்த்தாவல் என்பார்கள்.

காட்டனின் கோதாவரி அணை நூறாண்டுக்கு மேல் உழைத்தது. அதற்குப் பதிலாக 1970-இல் தொடங்கி 1982-இல் முடித்த, 175 கதவுகள் கொண்ட புதிய அணைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1986 ஆகஸ்டில் வினாடிக்கு 35 லட்சம் கன அடி வந்த பெருவெள்ளத்தையும் அது தாங்கியது. காவிரிக் கதை வேறு மாதிரி ஆயிற்று. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில், பிற்காலத்தில் எழுப்பிய தூண்களோடு ஒன்பது கதவுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதற்குச் சற்றுக் கீழே புதிய கதவணை கட்ட வேண்டியதாயிற்று. 182 வருஷம் நின்ற இடமானாலும், விழும் நீரோடு சமாதானம் என்பது ஒரு தடவை செய்துகொண்டு மறந்துவிடுவதல்ல.

அடுத்த முறை தவளேஸ்வரமோ கல்லணையோ போக வாய்த்தால், தேங்கி நிற்கும் மேல்புறத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கீழ்ப்புறம் எட்டிப் பாருங்கள். கல்லில் மோதி, வெளுத்து, இரைந்து, பத்தடி தள்ளி ஒன்றும் நடக்காதது போல நதி அமைதியாகப் போவது தெரியும். பேர் தெரியாத நம் முன்னோர் போட்ட கல்லும், அவர்களிடம் கைகட்டிப் பாடம் கேட்ட ஒரு சீமை இன்ஜினியர் போட்ட கல்லும் செய்கிற வேலை அது.